பூஜ்யம் கிலோமீட்டர்

இந்தக் காருக்கு ஜப்பானிய மொழிதான் தெரியும்.
சாவியைத் தொட்டால் ஒரு பெண் ஏதோ சொல்வாள்.
மரியாதையாகத்தான் சொல்கிறாள் என்று
ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.
ஸ்டீயரிங்கும் வலப்பக்கம், உலான்பாட்டரில் சாலையும் வலப்பக்கம்;
லாரியை முந்தும்போது
பக்கத்து இருக்கைக்காரர்தான் எனக்குக் கண்.

எனக்குப் புரிவதெல்லாம் திரையில் ஓடும் அம்புகள்.
பேட்டரிக்குப் போகும் அம்பு வரவு,
இஞ்சினிலிருந்து கிளம்பும் அம்பு செலவு.
ஸைஸான் மேட்டிலிருந்து இறங்கும்போது
தூங்கும் நாயைத் தாண்டுவதுபோல்
பிரேக்கில் கால் வைப்பேன்.
சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே கண்டு
காலை எடுத்துவிடுவேன். பின்னால் வருகிறவன்
ஹாரனாலேயே என் வம்சத்தைத் திட்டி முந்திப்போவான்.
விளக்கடியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம்.
அவன் என்னைப் பார்க்கமாட்டான்.

சீட்டுக்கடியில் ஒரு நோட்டு.
நூறு கிலோமீட்டருக்கு ஐந்து புள்ளி எட்டு லிட்டர், செப்டம்பரில்.
டிசம்பரில் ஏழு புள்ளி ஒன்று.
குளிரில் டயரும் மூச்சை இழுத்துக்கொள்ளும்;
காற்றடைத்த வாரம் ஆறு புள்ளி ஏழு.
அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

இச்சின்ஹோர்லோ சிரிப்பாள்.
"ஊரே புகையில் கிடக்கிறது. உன் அரை லிட்டர்
ஒட்டகப் பசிக்குச் சோளப்பொரி."
வாஸ்தவம். குன்றெல்லாம் கூடாரம்,
கூடாரத்துக்கு ஒரு புகைக்குழாய்,
எங்களுடையதும் அதில் ஒன்று.
அடுப்பில் கரி போட்ட கையால்தான்
புள்ளிக் கணக்கும் எழுதுகிறேன்.
சில பக்கங்களில் விரல்ரேகை இருக்கும்.

ஜனவரி. மைனஸ் முப்பத்தாறு.
குழந்தைகள் மருத்துவமனை வாசலில் இரவு பதினொரு மணி.
"மகனைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், நில்லுங்கள்"
என்று இறங்கிப்போனாள் சவாரிக்காரி.
வரிசையில் பதினான்கு கார்கள், அத்தனையும் உறுமிக்கொண்டு.
இந்தக் குளிரில் இஞ்சினை அணைப்பது
மாமனாரிடம் கடன் கேட்பது மாதிரி:
அப்புறம் முகம் கொடுக்குமா, சொல்லமுடியாது.

வெண்புகை மேலே போக மனமில்லாமல்
தரையோடு தவழ்ந்து
கீழ்த்தளத்துச் சன்னல்களைப் போய்ச் சேர்ந்தது.
ஒரு சன்னலின் இடுக்கெல்லாம் உள்ளிருந்து டேப் ஒட்டியிருந்தார்கள்.
டேப்பின் ஓரம் கறுத்திருந்தது.

திரையைப் பார்த்தேன். செலவு அம்பு மட்டும்.
நோட்டில் இதற்குக் கட்டமே இல்லை:
பூஜ்யம் கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்.
வகுத்தால் விடை வராத கணக்கு.

அணைத்தேன். அந்தப் பெண் ஏதோ சொன்னாள்,
இந்தமுறை மரியாதையாக இல்லாமலும் இருக்கலாம்.
டிக்கியிலிருந்த கெட்டிக் கம்பளத்தை
இஞ்சின்மேல் போர்த்தி பானெட்டை மூடுவதற்குள்
விரல்கள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன.
முன்காரில் இருந்தவன் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கினான்.
"செத்துப்போச்சா?"
"தூங்குது."
கண்ணாடி ஏறியது.
பதின்மூன்று கார்கள் உறுமிக்கொண்டுதான் இருந்தன.

என் மூச்சே கண்ணாடியில் பூப்பூவாய் உறைந்தது.
ஃபிளாஸ்க்கைத் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு
கால்விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன்;
இடது சுண்டுவிரல் ஆஜர் கொடுக்கவில்லை.
காவலாளி வந்து டார்ச்சால் தட்டினார்,
உயிர் இருக்கிறதா என்று பார்க்க.
உப்புத் தேநீரில் பாதியை அவருக்கு ஊற்றினேன்.
புகையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இருபது நிமிடம் கழித்து வந்தாள்.
"ஏன் இவ்வளவு குளிர்?"
டேப் ஒட்டிய சன்னலைக் காட்டினேன்.
அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அவன் அங்கே இல்லை. நாலாம் மாடி, பின்பக்கம்," என்றாள்.
கம்பளத்தை எடுத்து மடித்து அவள் முழங்கால்மேல் போட்டேன்.
பெட்ரோல் வாடை அடிக்கும், வேண்டாமென்று சொல்லவில்லை.

பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றும் இல்லை.
மறுபடி. ஒரு முனகல், பிறகு அம்பு.

ஆறிப்போன இஞ்சினைச் சூடேற்ற
வீடு வரைக்கும் குடித்துக்கொண்டே வந்தது.
அன்றைய கணக்கு ஏழு புள்ளி நான்கு,
அந்த மாதத்திலேயே மோசம்.
எழுதிவைத்தேன்.
இச்சின்ஹோர்லோவிடம் இன்னும் காட்டவில்லை.