இடது கெண்டைக்கால்

நகவெட்டி என் மேசையில்
எண்ணெய்ப் புட்டிக்கு முன்னால் இருக்கும்.
பாடாங் செராயில் டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே மெஷின் விர்ரென்று இரைந்தால்
கட்டில் லேசாய் நடுங்கும்.
புதிதாய் வருபவர்கள்
என் கைதான் நடுங்குகிறதென்று நினைப்பார்கள்.

சுவரில் தமிழிலும் மலாயிலும் ஒட்டியிருக்கிறேன்:
உடம்பு உங்களுடையது.
எந்த நிமிஷமும் நிறுத்தச் சொல்லலாம்.
அதை நிதானமாய்ப் படித்துவிட்டு
"வேற ஏதும் உண்டா?" என்று கண்ணடித்தார்
லோரி ஓட்டும் ஒருவர்.
மாடிப்படி பதினெட்டு.
காசோடு இறக்கி அனுப்பினேன்.

தவமலர் முதுகில் நான் பார்த்தது
தவமலருக்கும் எனக்கும்.
பாசார் மாலாமில் மாமியார் மறித்து
"என்ன சொன்னா?" என்றாள்.
எண்ணெய்ச் சூடு போதும் என்றாள், என்றேன்.
மறுமுறை துண்டு மடிப்பில்
உதவிக்கு அழைக்கும் நம்பர் ஒன்றை எழுதி வைத்தேன்.
எடுத்துப் போனாளா,
அழுக்குத் துணியோடு நானே துவைத்துவிட்டேனா,
இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை வந்தார் வைரக்கண்ணு.
செம்பனைக் குலை வெட்டி வெட்டி
இருபத்தாறு வருஷமாய் அண்ணாந்த கழுத்து.
வாசலிலேயே சட்டை கழற்றப் போனவரை
நாற்காலியில் உட்கார வைத்தேன்.
"உட்காரவா அறுபது வெள்ளி?"

கேட்டேன்.
ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர்,
ரத்தம் இளக்கும் மாத்திரை,
எங்காவது விழுந்ததுண்டா, மரத்துப்போகிறதா.
எல்லாவற்றுக்கும் ஒரே பதில்:
"நல்லாத்தான் இருக்கேன். கழுத்துதான்."
எழும்போது, பேச்சோடு பேச்சாக:
"அந்தக் காலையும் ஒரு பிடி பிடிச்சிரு."

காற்சட்டையைச் சுருட்டினார்.
வலது கால், காலாக இருந்தது.
இடது பெருத்து மினுங்கியது.
தொடலாமா என்று கேட்டுப் புறங்கையை வைத்தேன்.
இஸ்திரிப்பெட்டி ஆறும்போது இருக்குமே, அந்தச் சூடு.
ஜொகூரில் பேத்திக்குக் காதுகுத்தாம்.
பத்து மணி நேரம் பஸ்ஸில் மடங்கி வந்த கால்.
வந்து மூன்று நாள்.

கையை எடுத்துக்கொண்டேன்.
இத்தனை வருஷம் படித்ததும் பிடித்ததும்
அந்த எடுத்தலுக்குத்தான் போல.

"தெரியலைன்னு சொல்லு."
"உள்ளே ரத்தம் உறைஞ்சிருக்கலாம் அண்ணே.
நான் பிடிச்சா கெளம்பி நெஞ்சுக்குப் போகலாம்.
இருக்கா இல்லையான்னு டாக்டர்தான் சொல்லணும்."
"லாம், லாம்" என்று முனகினார்.
அறுபது வெள்ளியைத் திருப்பி நீட்டினேன்.
அதில்தான் பயந்தார்.
எங்கள் ஊரில் காசைத் திருப்பித் தரும் ஆளை
யாரும் பார்த்ததில்லை.

டயர் கடை ஆ ஹெங் வேனை எடுத்தார்.
பின்னால் இரண்டு டயருக்கு நடுவே காலை நீட்டியபடி
வைரக்கண்ணு கூலிம் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மறுவாரம் மூன்று பேர் வரவில்லை.
மாடிப் பொம்பளைக்குக் கால் பிடிக்கத் தெரியாதாம்,
ஆளைத் திருப்பி அனுப்பிட்டாளாம்.
கோப்பிக் கடையில் என் காதுபடவே.
காரணம் அவர் காலில் இருந்தது.
என் வாய்க்குச் சொந்தமில்லை.
கோப்பி ஆறியது. குடித்தேன்.

ஏழு வாரம் கழித்துப் படியேறி வந்தார்,
ஒவ்வொரு படியிலும் நின்று.
முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.
ரத்தம் இளக்கும் மாத்திரை?
இந்தமுறை யோசித்தார்.
சட்டைப் பையிலிருந்து எடுத்து
நகவெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.
டாக்டர் கடுதாசி?
இல்லை.
கழுத்து மட்டும்தானே?
கடுதாசியோடு வாங்க அண்ணே.

போகவில்லை.
நாற்காலியில் சாய்ந்து
சுழலும் காற்றாடியைப்
பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தபடி
"உட்காரக் காசில்லையே?" என்றார்.