வானொலிப்பெட்டி இல்லாத கதை

நகராட்சி எனக்குக் கொடுத்தவை:
ஒரு ப்ரொஜெக்டர், நாற்பது துண்டுப் பிரசுரம்,
தாழ்நிலமெல்லாம் நீலம் பூசிய வரைபடம்,
அரை நாள் பயிற்சி.
பயிற்சியில் சொன்னார்கள்:
புள்ளிவிவரத்தில் தொடங்காதே, கதையில் தொடங்கு.

லாஸ் கோன்சாஸ்.
சிலியின் தென்கரையில் பதினெட்டுப் படகுள்ள குடா.
சமூகக்கூடத்தின் தகரக் கூரைக்குக் கீழே
ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது.
வந்தவர்கள் இருபத்துமூன்று பேர்.
கடற்பாசி அறுத்துக் கறுத்த விரல்களோடு
வாசலை ஒட்டியே உட்கார்ந்தார்கள்,
பாதியில் எழுந்துபோக வசதியாக.

தொடங்கினேன்.
"ஒரு குடாவில் ஒரு மீனவர்.
நிலம் குலுங்கியது. மேட்டுக்கு ஓடினார்.
பாதிவழியில் வானொலிப்பெட்டி ஞாபகம் வந்தது.
புதுசு. இன்னும் இரண்டு தவணை பாக்கி."
தவணை என் சொந்தச் சரக்கு.
சிரித்தார்கள். ஊம் கொட்டினார்கள்.
வாசலோர நாற்காலி ஒன்று
அடுப்பு பக்கம் நகர்ந்தது.
எனக்கே என்மேல் கொஞ்சம் மிதப்பு.
"திரும்பிப் போனார்" என்றேன்.
"அலை வந்தது" என்றேன்.
"ஆகவே, நண்பர்களே" என்று
நீதியை எடுக்கப் பைக்குள் கைவிட்ட நேரம்

எடெல்மிரா பைனெகேயோ எழுந்தார்.
மேட் குவளையைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிவிட்டு
சாவகாசமாகச் சொன்னார்:
"எங்கள் வீட்டில் வானொலி கிடையாது."

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது.

"நாய்ச் சங்கிலியை அவிழ்க்க நான்தான் நின்றேன்.
பால்தோவினோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்.
மேலே இறக்கிவிட்டு, என்னைத் தேடி
தேவாலயத்து வழியாக இறங்கினார்.
அதற்குள் ஐஸ் கிடங்குக்குப் பின்னால்
நான் ஏறிவிட்டேன். நாயும் ஏறிவிட்டது.
இரண்டு வழி இருந்தது. அவ்வளவுதான்.
அவர் கீழே என் பெயரைக் கூப்பிட்டது
எனக்குக் கேட்டது.
நான் கூப்பிட்டது
காற்றுக்கு எதிராகப் போனது."

என் அறிக்கையில் அவர் இப்படி இருந்தார்:
ஆண், நாற்பத்தொன்று, பொருள் எடுக்கத் திரும்பியவர்.
பொருள் என்று எழுதியது யார்?
அந்தப் பொருளுக்கு
விலையும் தவணையும் வைத்தது நான்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
"எங்கள் வீட்டுக்காரி ஐஸ் கிடங்குப் பக்கம்தான் ஓடுவாள்"
என்று ஒருவர்.
"நீ எந்தப் பக்கம்?" என்று அவரிடம் இன்னொருவர்.
அவருக்குத் தெரியவில்லை.
கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.
பிறகு சண்டை. நல்ல சண்டை.
முத்துக்குளிப்பவன் மாதிரி மூச்சடக்கியே பேசும் எலிசேயோ
அடுப்புக்கரியோடு சுவருக்கு வந்து
என் நீலத்தின் குறுக்கே
எந்த வரைபடத்திலும் இல்லாத
ஆட்டுப்பாதை ஒன்றை இழுத்தான்.
குடா முழுவதும் அவன் சட்டை முதுகில் விழுந்தது,
அவன் அசையும்போதெல்லாம் வீடுகள் அசைந்தன.

நள்ளிரவில் முடிவானது ஒன்றே ஒன்று:
மேட்டு மைதானம், வடக்கு கோல் கம்பம்.
முதலில் வந்தவர் அங்கேயே நிற்பது.
யாரும் இறங்குவதில்லை.
துண்டுப் பிரசுரங்களில்
அடுப்பு மறுபடி நன்றாகப் பிடித்தது.

ஏப்ரல் ஒத்திகையில்
சங்கு ஊதிப் பதினோரு நிமிடம்.
கோல் கம்பத்தைப் பிடித்தபடி
எடெல்மிரா நின்றார், எல்லாருக்கும் முதலாக.
ஏறி வருபவர் ஒவ்வொருவரையும்
பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.
காற்று அன்று சரியான திசையில் இருந்தது.
அதை நம்பி எதையும் எழுதவேண்டாம் என்று
குறிப்பேட்டை மூடிவிட்டேன்.

இப்போது அடுத்தடுத்த குடாக்களுக்கு
நான் கதை கொண்டுபோவதில்லை.
"ஓடும்போது யாரைத் தேடுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு
ஊம் கொட்ட உட்காருகிறேன்.

ஆனால் அந்தத் தவணை பற்றிய வரி
நன்றாகத்தான் இருந்தது.
அதுதான் உறுத்துகிறது.