துலக்கினால், துலக்காவிட்டால்

குத்தாயிசியில் மார்ச் மாதம்.
பனியுருகிக் கலங்கி ஓடுகிறது ரியோனி.
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவுக்குப் பச்சைத் தாள்,
'ஆ' பிரிவுக்குச் சாம்பல்.

பச்சையில்:
துலக்கினால் ஈறு இறுகும், மூச்சு மணக்கும்,
வாய்விட்டுச் சிரிப்பாய்.
சாம்பலில்:
துலக்காவிட்டால் ஈறு கசியும், மூச்சு நாறும்.
பெரிதாக ஒரு கறுத்த பல்,
அதன் கீழே: இப்படி ஆகலாம்.

இரண்டு சொல்லும் 'ஆல்' என்றே முடிகிறது.
ஆலங்குச்சி கிடைக்காத ஊரில்
அந்த ஆல்தான் பல்லுக்கு உறுதி என்று நம்பினோம்.
நடுவே இருக்கும் சின்ன எதிர்மறை
எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்க்கவே
திபிலீசியிலிருந்து என்னை அனுப்பினார்கள்,
ஒரு பெட்டி சிவப்பு மாத்திரையோடு.

மென்றால், அழுக்குள்ள இடமெல்லாம் சிவக்கும்.
முதல் நாள் முப்பத்தோரு வாய் பார்த்தேன்.
முத்து, முல்லை எதையும் சொல்வதற்கில்லை.
மாதுளை வேண்டுமானால் சொல்லலாம்.

ஸாந்த்ரோ கறுத்த பல்லுக்கு மீசை வரைந்து
கழிப்பறைக் கதவில் ஒட்டினான்.
பச்சைத் தாள்கள் விமானங்களாகி
மூன்றாம் மாடியிலிருந்து
மிட்டாய் விற்பவளின் குடைமேல் இறங்கின.
எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.
அந்த அளவில் தாள் பலித்தது.

கேசாரியா சிரிக்கவில்லை.
சாம்பல் தாளை எட்டாக மடித்துக்
காலணிக்குள் செருகினாள்.
அவள் முறை வந்தது.
மேல் வரிசை, இடப்பக்கம், முன்பல்:
படத்தில் இருந்த அதே கறுப்பு.

ஆகலாம் என்று எழுதியிருந்தோம்.
அவளுக்கு ஆகிவிட்டிருந்தது.
எச்சரிக்கை என்று அச்சடித்தது
உருவப்படமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.
"வேற படமே கிடைக்கலையா?" என்றாள்,
உள்ளங்கையால் உதட்டை மூடியபடி.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
சொத்தை, ஒன்று
என்று எழுதினேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி மாத்திரை.
ஸாந்த்ரோவின் வாய் முன்னைவிடச் சிவப்பு.
கேசாரியா திறந்தாள்:
தங்க இடம் தேடித் தோற்றிருந்தது சாயம்.
கறுப்பு அப்படியே, சுற்றிலும் வெள்ளை.

தாள் உதவியதா என்று கேட்டேன்.
கேட்கச் சொல்லியிருந்தார்கள்.
"எந்தத் தாள்?"
பையைத் துழாவி எடுத்துக் காட்டினாள்,
நீல ரப்பரில் ஒரு பல்கவசம்.
ரக்பி அணியில் சேர்ந்திருக்கிறாளாம்.
வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுத்தது.
உள்ளே பற்களெல்லாம் பள்ளங்களாய் இருந்தன.
கறுத்த பல்லின் பள்ளம் எதுவென்று
எண்ணித்தான் கண்டுபிடித்தேன்.

"துலக்காம மாட்டினா நாறுது," என்றாள்,
"வேகவச்ச சாக்ஸ் மாதிரி."

துலக்காவிட்டால். நாறும்.
எங்கள் சாம்பல் தாளேதான்,
சாக்ஸ் மட்டும் அவளுடையது.

சாம்பல் பத்தியில் ஒன்றைக் கூட்டினேன்.
அங்கே யாரோ அதைச் சராசரியில் கரைப்பார்கள்.
பயம் சற்றே கூடுதலாக வேலை செய்கிறது
என்று ஒரு வாக்கியம் வரும்.
பிழை என்றும் சொல்ல முடியாது.

மார்ஷ்ருத்காவுக்குக் காத்திருந்தபோது
மைதானத்தில் விசில் ஊதியது.
வாய் நிறைய நீலத்தோடு கைதூக்கிக் கத்தினாள்.
ஒரு சொல்லும் புரியவில்லை.
பந்து நேராக அவளிடம் வந்தது.