பதினான்காம் மனை

வெள்ளம் வடிந்து ஏழு வாரம்.
ஷிரே ஆறு தன் படுகைக்குத் திரும்பியிருந்தது.
ஊர் திரும்பக் கூடாது என்று உத்தரவு.
எங்களை மேட்டுக்கு அனுப்பினார்கள்:
ஒரு நாடாச் சுருள், முளைக்குச்சிகள்,
ஒன்றரை மூட்டைச் சுண்ணாம்பு,
அறுபத்திரண்டு குடும்பங்களின் பட்டியல்.

லிலோங்வேயிலேயே வரைந்து கொண்டுபோயிருந்தேன்.
எட்டு மீட்டர் தெரு, குறுக்கே நான்கு சந்து,
எல்லோருக்கும் ஒரே அளவு மனை.
தாளில் அது சீப்பு மாதிரி அழகாக இருந்தது.
தாளில் காற்று அடிப்பதில்லை.

தோரிகா கேட்டாள்,
"மாவு மில் எங்கே?"
விரலை வைத்துக் காட்டினேன்.
ஒரு பிடி புழுதி அள்ளி உயரே விட்டாள்.
அது பள்ளிக்கூடத்தின் மேல் போய் விழுந்தது,
அதாவது, பள்ளிக்கூடம் வரப்போகிற புல்லின் மேல்.
"மே பிறந்தால் தெற்குக் காற்றுதான்.
பிள்ளைகள் தும்மித் தும்மியே பாஸாகட்டும்."
அழித்தேன்.

அலுஃபேயோவுக்குக் கறையான் புற்றின் மேல் கவலை.
என் படத்தில் அது சிவப்பு வட்டம்: தடை, அகற்றுக.
அவர் அதைச் சுற்றி நடந்தார், தட்டிப் பார்த்தார்,
"இருபதாயிரம் செங்கல்" என்றார்.
"இதன் மேல் ஏறி நின்றுகொண்டுதான்
லாரி வருகிறதா என்று பார்க்கிறீர்கள்."

கிணற்று விஷயத்தில் மட்டும் நான் இறங்கவில்லை.
கிணறு மேலே, கழிப்பிடம் சரிவில் கீழே,
நடுவே ஐம்பது தப்படி, ஒன்றும் குறையாது.
யாருடைய மனைக்கு எவ்வளவு தூரம் என்று
தண்ணீர் விசாரிப்பதில்லை என்றேன்.
ஒருவரும் மறுக்கவில்லை.
அந்த ஜனவரியில் காலரா கொண்டுபோன ஒன்பது பேரில்
நான்கு பேர்
என் பட்டியலில் இன்னும் மனைக்குக் காத்திருந்தார்கள்.

சுண்ணாம்பு தீர்ந்தது.
மிச்சக் கோடுகளை அடுப்புச் சாம்பலால் போட்டோம்.

மறு வருடம் மழைக்கு முன்னே போனேன்.
எட்டு மீட்டர் தெருவில் மக்காச்சோளம் காய்ந்தது,
ஒரு சிறுமி கோழி விரட்டிக்கொண்டிருந்தாள்.
ஆட்கள் நடந்தது வேறு இடத்தில்:
கிணற்றடியிலிருந்து சந்தை மரம் வரைக்கும்
பதினான்காம் மனையைக் கோணலாக வெட்டிக்கொண்டு
நாலு விரற்கடை ஆழத்துக்குத் தேய்ந்த தடம்.

மனைக்காரி லிவினெசி
வேலியைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டிருந்தாள்.
யாராவது மிரட்டினார்களா?
சிரித்தாள்.
"முப்பது பேர் தலையில் வாளியோடு சுற்றி வருவதா,
ஒரு வேலி நகர்வதா?"
பட்டாவில் இருக்கும் அளவு?
"அது உங்கள் கையெழுத்துதானே."

முத்திரை விழுந்த தாளில் கை வைக்கக் கூடாது என்பது விதி.
அன்றிரவு பென்சிலால்தான் போட்டேன்.
அளவுகோல் இல்லாமல், கோணலாக.
அவள் மனை மூன்று பக்க மனையாயிற்று.
இழந்த நிலத்துக்கு ஈடாகப் புற்றுக்குப் பின்னே ஒரு துண்டு,
மேலதிகாரி ஒப்பினால்.

பிறகுதான் தாளின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன்.
ஆற்றுப்பக்கம், நான் வெறுமையாய் விட்ட இடம்.
போகக் கூடாத பகுதி.
அங்கேயும் ஒரு தடம் இறங்குகிறது.
கல்லறைகளை யாரும் மேட்டுக்கு மாற்றவில்லை,
மாற்றச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.

காலையில் எலெமியாவைக் கேட்டேன்,
அதற்கு எவ்வளவு அகலம் போட?
அவர் கைகளை விரித்தார்,
போதாதென்று பக்கத்தில் நின்றவனையும் இழுத்துக்கொண்டார்:
"நடுவில் பெட்டி.
இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் இவன்."