சாக்பீஸ் தூள்

விரிசல் முதலில் கண்ணுக்குத் தெரியாது.
சேற்றைக் கழுவி, மண்ணெண்ணெய் தடவி,
துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளை ஊதினால்
சற்று நேரத்தில்
இரும்பு தானாகவே ஒரு கோடு வரையும்:
நனைந்த, கருத்த, கோணல் கோடு.
பின் ஸ்பிரிங் ஹேங்கருக்குப் பக்கத்தில்
காலிப் போல்ட் ஓட்டையில் புறப்பட்டு
மேல்நோக்கி ஏழு விரற்கடை.

சஜிமோன் குனிந்து பார்த்தான்.
"இதும் வச்சாணோ ஞான் இன்னலே எஸ் வளைவு ஏறியது?"
பதிலுக்கு நிற்காமல் பீடி பற்றவைத்தான்.

பன்னிரண்டு சக்கர டாரஸ்.
ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை வேறு,
குவாரியில் விழுகிற எடை வேறு.
நடுவே உள்ள யூனிட்டுகள்
எந்தச் சீட்டிலும் இல்லை.
சேஸிஸ் மட்டும் குறித்து வைத்திருக்கிறது.

பேட்டரி வயரைக் கழற்றினேன்.
இசக்கிராஜ் ஜாக்கியை ஒவ்வொரு மிதியாக ஏற்றினான்,
பிளந்த வாய் மயிரிழையாகும் வரை.
பிறகு டிரில்.
விரிசல் முடிகிற இடத்துக்குச் சற்று அப்பால்
ஒரு வட்டத் துளை.
ஓடி வருவது அதில் விழுந்து
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிடும்.
பதினாறு வருடத்தில் எனக்குப் பிடித்த வேலை இதுதான்,
ஓட்டை போட்டு உடைவை நிறுத்துவது.

வெளியே புளியரைச் சாரல், மூன்றாம் நாள்.
ராடுகள் செத்துப்போன ஃபிரிட்ஜுக்குள்
நூறு வாட் குண்டு பல்பின் சூட்டில் கிடக்கின்றன.
ஈரம் குடித்த ராடு சிரித்துக்கொண்டே ஒட்டும்,
மறுவாரம் புட்டாக உதிரும்.

சுரண்டையிலிருந்து முதலாளி போனில்:
"சும்மா ஒரு கோடு இழுத்து விடும்வே. ராத்திரி லோடு இருக்கு."
"ரெண்டு நாளாவது ஆகும்."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்ப கனமாப் போடும். உள்ளயும் பிளேட்டு, வெளியயும் பிளேட்டு.
ஆனை ஏறினாலும் அசையக் கூடாது."

ஃபிரிட்ஜைத் திறக்கும்போது
சஜிமோன் என் முதுகுக்குப் பின்னால் நின்றான்.
"சேட்டா, பலம் கொறச்சு கம்மி மதி."
முகக்கவசத்தை நிமிர்த்தினேன்.
"பலம் கூடியா முதலாளி ரெண்டு யூனிட் கூடக் கேற்றும்.
பிரேக்கினு ஆரு பிளேட் அடிக்கும்?"

என்னிடம் பதில் இல்லை.
கை இருந்தது,
அதற்குப் பாதி வெல்டு போடத் தெரியாது.
வி வெட்டி, அடியிலிருந்து நிரப்பி,
இரண்டு அங்குலம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு,
கசடு தட்டி,
மறுபடி இரண்டு அங்குலம்.
கடைசியில் அந்தத் துளையையும் அடைத்தேன்.
பிளேட்டின் இரு முனையையும்
மாவிலை மாதிரிச் சரித்து வெட்டினேன்.
நேராக வெட்டினால்
பிளேட் முடிகிற இடத்தில்தான் அடுத்த விரிசல் பிறக்கும்.
சரித்தாலும் பிறக்கும்,
கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் காலம் கழித்து.

இரண்டாம் நாள் இருட்டும்போது வண்டி கிளம்பியது.
மலைப்பக்கம் திரும்பவில்லை.
நாற்பதடி போய்ப் பிச்சைக்கனி ஷெட்டில் நின்றது.
பாடியைச் சுற்றி அரையடி உயரத்துக்குத் தகடு,
முன்பே வெட்டி வைத்திருந்தார்கள்.
அங்கே தீ தெறிக்கும்போதெல்லாம்
என் சுவரில்
என் நிழலே விழுந்து விழுந்து எழுந்தது.
"நாம போட்ட பிளேட்டு தாங்கும்ல?" என்றான் இசக்கிராஜ்.
தாங்கும். அதுதான்.

ஒன்பது மணிக்குச் சஜிமோன் திரும்பி வந்தான்.
தலையில் பிளாஸ்டிக் பை.
"ஆ சாக்கு பொடி கொறச்சு தா.
மண்ணெண்ணெ என்ட கையில உண்டு."

தரையில் கிடந்த எடைமேடைச் சீட்டு ஒன்றை
உதறி, அதில் மடித்துக் கொடுத்தேன்.