இருநூறு கிராம்

பிளாஸ்டிக் சுத்தியலை அவளே குப்பையில் போட்டாள்.
அதற்கு முன் ஓர் ஆணியை அடித்துப் பார்த்திருந்தாள்.
ஆணி அசையவில்லை,
சுத்தியலின் மூக்குத்தான் பள்ளமானது.
"இது பொய் சொல்லுது அம்மா."
ஏழு வயதாக இன்னும் ஒன்பது நாள்.

சனிக்கிழமை. பாலரட்டில் புல்லெல்லாம் உறைபனி.
மின்சாரக் கட்டணச் சீட்டின் பின்புறத்தில்
சாம்பவியின் இடக்கையை விரித்து வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்தேன்.
மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை
பதின்மூன்று சென்டிமீட்டர்.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்,
சப்பாத்து வாங்கப் போகிறவள் மாதிரி.

கடைக்காரர் ஒரு பெட்டியை நீட்டினார்.
இளஞ்சிவப்புப் பிடி, ஐந்து கருவி, ஒரு முயல் ஸ்டிக்கர்.
வாளின் பல்லைக் கட்டைவிரலால் தடவினேன்.
வெண்ணெயில்கூட ஏறாது.
கூர் இல்லாததுதான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்றார்.

நான் அவசரப் பிரிவில் தாதி.
பதினொரு வருடமாக
பிறர் விரல் தைக்கப்படும்போது பக்கத்தில் நிற்கிறவள்.
கூரானது வெட்டினால் கோடு போல வெட்டும்,
காயத்தின் இரண்டு உதடும் தாமாகவே சேரும்.
மழுங்கியது வழுக்கும்.
வழுக்குவதை அமுக்குவோம்.
அமுக்கியது எங்கே போகும் என்று
அமுக்கியவருக்கே தெரியாது.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
"வேறு இருக்கா?"

சுத்தியல்கள் கொக்கிகளில் தொங்கின.
ஒவ்வொன்றாய்க் கழற்றி
கடதாசிக் கையின்மேல் கிடத்திப் பார்த்தேன்.
தடித்த பிடியைச் சுற்றி
அவள் விரல்கள் ஒன்றையொன்று சந்திக்காது.
நானூற்றைம்பது கிராம், நாலாம் அடியில் தோள் கேட்கும்.
முந்நூறு, ஏழாம் அடியில்.
கடைசிக் கொக்கியில் தூசி படிந்து ஒன்று:
சன்னமான பிடி, சின்னத் தலை,
ஆனால் இரும்பு.
இரண்டு வாழைப்பழத்தின் கனம்.

வாளில்தான் பிழை விட்டேன்.
தள்ளி அறுப்பதை எடுத்துக் காசாளர்வரை போய்த்
திரும்பி வந்து வைத்தேன்.
அவள் பலமெல்லாம் இழுப்பதில் இருக்கிறது:
கதவை, பக்கத்து வீட்டு நாயை, என் சேலைத் தலைப்பை.
இழுத்து அறுக்கும் ஜப்பான் வாள் வாங்கினேன்.
அதற்கு இடக்கை வலக்கை தெரியாது.
பள்ளிக்கூடக் கத்தரிக்கோலுக்குத் தெரியும்;
இரண்டு வருடமாக அது அவளைத்
திருத்தப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"இடுக்கி ஏன் இரண்டு?" என்றார் நிமலன்.
மரத்தை இடுக்கி பிடித்தால்
அவளுடைய இரண்டு கையும் வாளில் இருக்கும்.
வாள் போகும் வழியில் ஒரு கையும் இருக்காது.
"சிறுபிள்ளை வேளாண்மை வீடு வந்து சேராது," என்றார்.
வீட்டிலேயேதானே விதைக்கிறோம் என்றேன்.

பழைய மேசையின் காலை
அவள் மணிக்கட்டு உயரத்துக்கு அறுத்தோம்.
நான்கு துண்டு மிஞ்சியது.
அந்த நான்கும்தான் அவளுடைய முதல் மரம்.
பறவைக்கூடு செய்யும் படம் ஒன்று
அச்செடுத்து வைத்திருந்தேன். பார்க்கவே இல்லை.

கண்ணாடி மாட்டிக்கொண்டாள்.
ஆணியை நிறுத்தினாள்.
கராஜ் வாசலில் நான்,
நூறு பேரின் இரத்தத்தை நிறுத்திய கைகளை
முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு.
கோத்தும் போதவில்லை.
மூன்றாவது இடுக்கியும் வாங்கியிருக்கலாம்,
எனக்கு.

டக். டக்.
ஒன்று விரலில்.
அவள் அழுமுன் என்னைப் பார்த்தாள்,
நான் அசையாததைப் பார்த்து
விரலைச் சூப்பிவிட்டுத் தொடர்ந்தாள்.
ஆணி இறங்க இறங்கச் சத்தம் தடித்தது.

"என்ன செய்யிறாய்?"
"ஆணி அடிக்கிறன்."
"அடிச்சு?"
இதென்ன கேள்வி என்பதுபோல் திரும்பினாள்.
மேசைக்கால் துண்டில் ஒன்பது ஆணி,
இரண்டு நேராக.
பத்தாவதை வாயிலிருந்து எடுத்தாள்.
வாயில் வைக்காதே என்று
அப்போதுதான் கத்தினேன்.