மூன்றாம் பிரதி

ஸ்ரான்லி வீதிக் கந்தோரின் இரண்டாம் மாடியில்
ஒரு கடன் விண்ணப்பம் போகும் வழியைச்
சுவர் முழுக்க ஒட்டி முடித்தேன்.
மஞ்சள் துண்டு என்றால் ஆள்,
நீலம் என்றால் காத்திருப்பு.
பின்னேர வெயில் யன்னலால் ஏறியபோது
சுவர் பெரும்பாலும் நீலமாயிருந்தது.

நாற்பத்தொரு கிளை. பதினொரு கையெழுத்து.
அதிலொருவர் ஒன்றரை வருடமாக மருத்துவ லீவு.
அவருடைய இறப்பர் முத்திரை மட்டும்
லாச்சிக்குள் இருந்து நாள்தோறும் வேலைக்கு வருகிறது.

தலைமையகம் கேட்டது ஒரே வரி:
இருபத்தாறு நாளை இரண்டு நாளாக்கு.

பதினேழாம் படியில் நின்றுவிட்டேன்.
கனகேஸ்வரி அக்கா
ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மூன்றாவது தரம்
பிரதி எடுக்கிறா,
மூலையை மடிக்கிறா,
பச்சைத் தட்டில் வைக்கிறா.
தட்டில் மை மங்கிய ஒரு சொல்: கப்பல்.

"என்னக்கா இது?"
"கப்பல் பிரதி."
"எந்தக் கப்பல்?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.
"பாதை பூட்டியிருக்கேக்க எல்லாம் கப்பலிலைதானே போனது.
ஒண்டு போய்ச் சேராட்டி மற்றது வேணுமெண்டு
மூண்டு எடுக்கச் சொல்லி ஓடர்.
எனக்கு முதல் குயின்ரஸ் எடுத்தவர்."
"இப்ப அந்தக் கப்பல் வாறேல்லையே அக்கா."
"எனக்குத் தெரியும் பிள்ளை.
ஓடருக்கெல்லோ தெரியாது."

களஞ்சியத்தைத் திறந்து காட்டினா.
கட்டுக் கட்டாய்க் கூரைவரை
போகாத கப்பலின் சரக்கு.
அடிக்கட்டில் கறையான்.
இந்த நிறுவனத்தில் தேங்கிக் கிடந்ததை
உண்மையாகக் குறைத்தது அது ஒன்றுதான்.

ஒரு பிரதிக்கு நாலு நிமிடம்,
ஒரு நாளைக்கு அறுபது.
இத்தனை வருடத்துக்கு எவ்வளவென்று கணக்கிட்டேன்.
விடை வந்ததும்
அந்தக் கட்டத்தை அழித்தேன்.
திட்டத்தாளில் வேறொரு பத்தி இருந்தது,
"மீதமாகும் ஆளணி".
அரை என்று போட்டேன்.
அக்கா எட்டிப் பார்த்தா.
எந்த அரை என்று கேட்கவில்லை.
தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டா.

சுற்றறிக்கையை வெட்ட
இன்னொரு சுற்றறிக்கைதான் வேண்டுமாம்.
பழையதன் இலக்கம் தேட ஐந்து நாள்,
வேலும்மயிலும் சேர் கையெழுத்திட மூன்று நாள்.
"இனி மூன்றாம் பிரதி தேவையில்லை"
என்ற கடிதத்துக்கு
மூன்று பிரதி எடுத்தார்கள்.
மூன்றாவதை மூலை மடித்து
அக்கா பச்சைத் தட்டில் வைத்தா.
சிரிக்கவில்லை. நானும் முகட்டைப் பார்த்தேன்.

புதிய முறை திங்கட்கிழமை ஓடத் தொடங்கியது.
காலை எட்டரைக்கு ஊர்காவற்றுறையிலிருந்து
படகு எஞ்சின் கடன் ஒன்று,
பிறகு சாவகச்சேரி, நெல்லியடி, மானிப்பாய்.
திரையில் பச்சைக் கோடு
ஆள் தொடாமல் மேசை மேசையாய் ஓடிற்று.
அடையாள அட்டை பார்த்தது,
பிணையாளி பார்த்தது,
லீவில் நின்றவரின் முத்திரையை ஒரு கணத்தில் தாண்டியது.
சேர் கைதட்டினார்.

பத்துமணிக்கு எல்லாம் நின்றுவிட்டன.
அறுபத்திமூன்று விண்ணப்பம்
ஒரே இடத்தில், ஒரே நிலையில்:
"கப்பலுக்குக் காத்திருக்கிறது."

தெஹிவளையில் ரிஸ்மிக்கு அழைத்தேன்.
"நீங்க அனுப்பின சுவர்ப் படம்தானே மேடம்,
பதினேழாம் படி.
கப்பல் வந்ததா என்று யார் சொல்லுவாங்க என்று
படத்தில இல்ல.
அதனால வரும்வரை நிற்கச் சொல்லி எழுதினேன்."
படம் எடுத்தது சுற்றறிக்கைக்கு முதல் வாரம்.
எடுத்தது நான்.
வெட்ட இரண்டு நிமிடம் என்றான்.
அதற்கு ஒரு மாற்றக் கோரிக்கைப் படிவம்.

கனகேஸ்வரி அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து
திரையின் முன் இருந்தா.
மேலிருந்து கீழாக
அறுபத்திமூன்றையும் வாசித்தா.
ஊர்காவற்றுறையில் சற்று நின்றா.

"ம்," என்றா,
"ஒழுங்காத்தான் செய்திருக்கிறான்."